அண்ணிக்குக் குச்சி ஐஸ்

ஏப்ரல் 7, திங்கள்

எடை 51.2 கிலோ. காலை இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். மதியம் குழைந்த சோறும் பருப்பும்.

இப்படித்தான் எழுதச் சொன்னார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண். பெயர் ஜெனிட்டா. நாற்பது பக்க நோட்டு போதும் என்றார். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் கிளார்க்காக இருக்கிறவளுக்கு நோட்டு என்றால் இருநூறு பக்கம்தான். முன்பக்கத்திலிருந்து அண்ணியின் சாப்பாடு. பின்பக்கத்திலிருந்து இது. யாரும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்கா அம்சவேணியை. ஊர் துறையூர். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை. ஒரே மகன் சுதாகர் மஸ்கட்டில். ஜனவரியில் நாக்கில் புற்றுநோய் என்று சொல்லி, பிப்ரவரியில் இடது பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். இனி முப்பத்து மூன்று தடவை கதிர்வீச்சு. தினமும் துறையூரிலிருந்து பஸ்ஸில் வந்து போக உடம்பு தாங்காது. அதனால் உறையூரில் எங்கள் வீடு.

பத்தொன்பது வருடமாக அவர் இந்த வாசல்படி ஏறியதில்லை. நானும் அங்கே போனதில்லை. கல்யாணம், காரியம் என்றால் ஒரே மண்டபத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் இருப்போம்.

“உனக்குச் சரின்னா கூட்டிட்டு வரேன். இல்லன்னா பக்கத்துல ரூம் பாத்துக்கலாம்” என்றார் இவர். சரி என்றேன்.

அண்ணி உள்ளே வந்ததும் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “தொந்தரவுதான் உனக்கு” என்றார். வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல எழுத்துகள் குழைகின்றன. எனக்கு விளங்கியபடிதான் இதில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

எடை 51. பஸ், வரிசை, பத்து நிமிடம் மெஷின், மறுபடி பஸ். வெயில். எனக்கு முழங்கால் வலி.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கதிர்வீச்சு இல்லை. எதிர்வீட்டு நசீமா மாடியில் துணி காயப்போடும்போது கேட்டாள், “உங்க நாத்தனாருக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு சொன்னாங்களே, என்ன சண்டை?” பழைய கதை என்றேன்.

மாலை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்களே, நானும் கட்டினேன். என்ன எழுதினேன் என்பது அம்மனுக்குத் தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எடை 50.1. பத்தாவது தடவை முடிந்தது.

வாய்க்குள் புண் ஆரம்பித்துவிட்டது. காரமே போடாத சாம்பாரை வாயில் வைத்துவிட்டு அண்ணி தட்டைத் தள்ளினார். தண்ணீர் குடித்தாலும் எரிகிறதாம். ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

“இனிமே கூடத்தான் செய்யும்மா. ஐஸ் நல்லது, புண்ணு மரத்துப் போகும். பழத்த அடிச்சு வீட்லயே குச்சி ஐஸ் செஞ்சு குடுங்க. கடை ஐஸ் வேண்டாம், என்ன தண்ணியோ. எடை மட்டும் எறங்காம பாத்துக்கங்க. நாப்பத்து மூணுக்குக் கீழ போனா மூக்கு வழியா டியூப் போட்டுருவாங்க.”

வரும் வழியில் பெரிய கடைவீதியில் ஐஸ் குச்சி ஒரு கட்டு வாங்கினேன். சின்ன டம்ளர் வீட்டில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் நாலு இருந்தது. வெயிலுக்கு நல்லதுதானே என்று பிழிந்து, சர்க்கரை போட்டு, ஃப்ரீசரில் வைத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

எலுமிச்சை ஐஸை நாக்கில் வைத்ததும் அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தம் வரவில்லை. ஐஸைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 

புளிப்பு புண்ணில் பட்டால் எரியும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். அவசரம்தான். வேறு ஒன்றும் இல்லை. சனி ஞாயிறு தவிர நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவளுக்கு எதுவும் தோன்றாது.

ஏப்ரல் 25, வெள்ளி

தர்பூசணி. விதையை எடுத்து, மிக்சியில் அடித்து, துணியில் வடிகட்டினேன். முதல் தடவை வெறும் சாறு வைத்ததில் கல்லாக இறுகிவிட்டது. சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கலந்தால் பல் வைக்காமலே கரைகிறது. பாதி உறைந்தபின் குச்சியைக் குத்தினால்தான் நேராக நிற்கிறது.

அண்ணி முக்கால் ஐஸ் சாப்பிட்டார். “இது நல்லாருக்கு.”

இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன மூன்றாவது வாக்கியம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எடை 48.1.

தர்பூசணியில் தண்ணீர்தான் இருக்கிறது, சத்து இல்லை என்று ஜெனிட்டா திட்டாத குறை. பால் சேர்க்க வேண்டும், புரதப் பொடி சேர்க்க வேண்டும். இன்று சப்போட்டாவும் பாலும். நேற்று மாம்பழம், நார் இல்லாமல் இரண்டு தடவை வடிகட்டியும் கொஞ்சம் எரிந்ததாம். முந்தாநாள் வாழைப்பழம், கறுத்துப் போனது, ஆனால் உள்ளே போனது. நுங்கு நன்றாக இருக்கிறது, கிடைக்கிற நாளில். அன்னாசி பக்கமே போகவில்லை.

சப்போட்டாதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. கேட்கவில்லை. ஃப்ரீசர் திறக்கிற சத்தம் கேட்டால் தலை திரும்புகிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் விடுப்பை நீட்டிக்க எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர், “சொந்த மாமியாருக்கே இவ்ளோ நாள் எடுக்கலையேம்மா நீங்க” என்றார். மாமியார் என் கையில் கஞ்சி குடித்து, தூக்கத்திலேயே போனவர். அதைச் சொல்லவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. தூங்கினேன்.

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் நேற்று ஆரம்பம். எடை 46.5.

மூன்று விரல் நுழைந்த வாயில் இப்போது ஒன்றரை விரல்தான் நுழைகிறது. கதிர்வீச்சில் தாடை இறுகிவிடுமாம். அதற்கு ஒரு பயிற்சி சொன்னார்கள். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டாகப் பல்லுக்கு நடுவே கொடுத்துப் பிடிக்க வேண்டும். வாரம் ஒரு குச்சி கூட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஐஸ் குச்சிக்குப் பஞ்சமா? அண்ணி தின்று முடித்த குச்சிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்தேன். பத்து குச்சிக்கு வாய் திறந்தது. பதினொன்றாவதுக்கு அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலியில் பிடித்ததுதான். பிடித்த இடம் சிவந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல். டம்ளர் ஐஸ் இனி வாய்க்குள் போகாது.

மே 7, புதன்

மருந்துக்கடையில் ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்சு ஒரு டஜன் வாங்கினேன். முனையை இவர் ரம்பத் தகடால் அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். இவர் ஒரு பட்டறையில் ஃபோர்மன். வாய் வேலை செய்யாத இடத்தில் கை நன்றாக வேலை செய்யும். சிரிஞ்சைத் தலைகீழாக நிறுத்தி, சாற்றை ஊற்றி, குச்சியை நீளவாக்கில் பிளந்து நட்டுவைத்தேன். உறைந்தபின் பின்னாலிருந்து தள்ளினால் சுண்டுவிரல் தடிமனில் ஐஸ் வெளியே வருகிறது.

அண்ணி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு யோசன?”

“நாந்தான்.”

“படிச்சவ.”

அவர் வாயில் முன்பு இந்தச் சொல் வேறு மாதிரி வரும். கல்யாணமாகி வந்த புதிதில், சோறு குழைந்தால் ‘படிச்சவ’, கோலம் கோணினால் ‘படிச்சவ’. இன்று அப்படி வரவில்லை. நாக்கு பாதி போனதாலும் இருக்கலாம்.

மே 10, சனி

மதியம் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மாலைவரை மின்சாரம் வராது என்றார்கள். ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தும் நாலு மணிக்கு எல்லாம் தண்ணீர். மூன்று நாளுக்கென்று மூன்று தவணையாக உறையவைத்த முப்பது ஐஸ். அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். 

இவர் ஸ்கூட்டரில் போய் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு சாக்கில் உடைத்த ஐஸ் கொண்டுவந்தார். வாளியில் கொட்டி, நடுவில் சிரிஞ்சுகளை நிறுத்தினேன். அரை மணி நேரமாகியும் உறையவில்லை. கட்டிலிலிருந்து அண்ணி எழுந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

“உப்பு.”

“என்ன அண்ணி?”

“கல்லுப்பு. போடு. நெறைய.”

இரண்டு கை போட்டேன். “பத்தாது” என்றார். அவரே குனிந்து டப்பாவோடு கவிழ்த்தார். முக்கால் மணி நேரத்தில் சப்போட்டா உறைந்தது. இவர் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்து, “ஐஸ் வண்டிக்காரன் மாதிரி மணி ஒண்ணு கட்டிரலாமா அக்கா?” என்றார். அண்ணி சிரிக்கப் போய், வலித்து, வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாயிற்று இந்த வீட்டில்.

மே 12, திங்கள்

எடை 44.3. ஒரு நாளுக்கு நாலு சிரிஞ்சுக்கு மேல் போகவில்லை. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது.

மே 14, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. இப்போதெல்லாம் போக ஆட்டோ, வர பஸ். இருபத்தைந்தாவது தடவை. அண்ணி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பை கட்டிவைத்திருந்தது.

“நான் ஊருக்குப் போறேன்.”

“அக்கா, இன்னும் ஒம்போது தடவைதான்” என்றார் இவர்.

“நீ வெளிய போ, தனபாலு.”

இவர் போய் வாசலில் நின்றுகொண்டார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னும் இதே வாசலில்தான் நின்றார்.

அண்ணி திரும்பவில்லை. சுவரிடமே பேசினார். “நீ அன்னிக்குச் சொன்னது பலிச்சிருச்சு மங்கை. பலிச்சது முடியட்டும். ஏன் நடுவுல நின்னு தடுக்குற?”

கோயிலில் கட்டிய சீட்டில் நான் எழுதியதும் இதைப் பற்றித்தான். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள் தாயே என்று.

பத்தொன்பது வருடத்துக்கு முன் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது வெளியூரில் படிக்கிற மூத்தவன் கதிரவனுக்கு அப்போது இரண்டு வயது. குழந்தை பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் நாலு வாய் இழுக்கும், மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், விட்டுவிடும். சங்கில் ஊற்றினால் வழியும். பதினோராம் நாள் காலையில் போய்விட்டது. வீடு நிறையச் சனம். கூடத்தில் நின்று அண்ணி சொன்னார், “பத்து நாளா பட்டினி போட்டே கொன்னுட்டா.” எல்லாரும் கேட்டார்கள். நான் பாயிலிருந்து எழுந்து வந்து சொன்னேன், “உன் நாக்கு அழுகிப் போகும்.” அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

இன்று நான் சொன்னேன், “பல்லு குத்திக் குத்திப் புண்ணாச்சு, அதுமேல பொகையில. டாக்டர் உங்ககிட்டதான சொன்னாரு.”

“அது டாக்டர் சொல்றது.”

“நான் சொல்லி ஒருத்தருக்கு வியாதி வரும்னா எங்க ஹெட்மாஸ்டர் இந்நேரம் படுத்திருக்கணும் அண்ணி.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.  பாப்பாவைப் பற்றி எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

“பாப்பா பசியில போகல. அதுக்கு இருதயத்துல ஓட்டை. பெரியாஸ்பத்திரியில எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் பீரோவுல இருக்கு. எடுத்துட்டு வரவா?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஓட்டை. காரியம் முடிஞ்ச வாரமே தனபாலு வந்து சொன்னான்.”

 “தெரிஞ்சுமா இத்தன வருஷம்?”

அண்ணி வாயில் ஊறிய எச்சிலைத் துணியில் துடைத்துக்கொண்டார். விழுங்க முடிவதில்லை அவருக்கு. “சொன்ன சொல்ல எப்படித் திரும்ப எடுக்குறதுன்னு தெரியல. இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன். வருஷம் ஓடிருச்சு. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? இந்த வியாதி வந்துதான் வரணும்னு இருந்துச்சு.”

நான் அடுப்படிக்குப் போனேன். ஃப்ரீசர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். முகத்தில் குளிர் அடித்தது. எத்தனை ஆயிரம் தடவை நானே என்னைக் கேட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் குடித்திருக்குமோ, என்னிடம்தான் பால் போதவில்லையோ என்று. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்த பிறகும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் பதில் தெரிந்துகொண்டு முப்பது மைல் தள்ளி உட்கார்ந்திருந்தார். நடுவில் என் புருஷன் இரண்டு பேருக்கும் தம்பியாகவும் கணவனாகவும் ஊமையாக இருந்திருக்கிறார்.

ஒரு சப்போட்டா ஐஸை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்பினால் எடுத்து வந்தேன் என்று எழுதினால் பொய். அப்படி ஒரு கோபத்தில் கையில் எதைப் பிடித்திருந்தாலும் உடைந்திருக்கும்.

“இதத் தின்னுட்டு ஆட்டோல ஏறுங்க. மிச்சம் ஒம்போதையும் முடிங்க. அப்பறம் துறையூருக்குப் போங்க, எங்க வேணா போங்க. என் வீட்லேர்ந்து பட்டினியா ஒருத்தர் போக நான் விட மாட்டேன்.”

ஐஸ் உருகி என் மணிக்கட்டு வரை வழிந்தது. அண்ணி திரும்பினார். கை நீட்டி வாங்கவில்லை. வாயைத் திறந்தார், ஒன்றரை விரல் அளவுக்கு. நான் வைத்தேன்.

முழுவதும் தின்ன இருபது நிமிடம் ஆயிற்று. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்றேன்.

மே 16, வெள்ளி

எடை 43.6. இருபத்தேழு முடிந்தது.

இவரோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று சிரிஞ்சு கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். “அக்காவுக்குத் தெரியும்னு உங்கிட்ட சொன்னா இன்னும் வலிக்குமேன்னு இருந்துட்டேன் மங்கை.”

“உங்களுக்கு வலிக்காம இருந்துச்சு.”

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்தில் நின்று, கழுவியதை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார். “பாப்பா முகத்த ஒரு நாளும் நான் மறக்கல” என்றார். பன்னிரண்டு சிரிஞ்சும் துடைத்து முடிக்கிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

மே 19, திங்கள்

எடை 43.4. டியூப் போட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்டார். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டி, என்னைக் கைகாட்டினார். “இவங்க என்ன குடுக்கிறாங்க?” என்றார் டாக்டர். ஜெனிட்டா என் நோட்டை முன்பக்கமாகத் திருப்பிப் படித்தார். சப்போட்டா, பால், நிலக்கடலை அரைத்தது, புரதப் பொடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு ஐஸ், ஒரு நாளுக்குப் பதினாலு, நடுவில் ஸ்பூனால் ஆறிய பால். “இன்னும் மூணு நாள் பாப்போம் சார்” என்றார்.

மே 22, வியாழன்

43.5. டியூப் வேண்டாம்.

எனக்குக் காய்ச்சல். இவர் விடுப்பு போட்டு ஐஸ் செய்தார். வடிகட்ட மறந்துவிட்டார். அண்ணி தின்றார்.

மே 26, திங்கள்

எடை 43.9. முப்பத்து மூன்று முடிந்தது.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.  பக்கத்தில் ஒரு அம்மாள் யாருக்கோ சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தாள், கடைசி நாள் என்று. அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ்ஸை இரண்டு தடவை விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துத்தான் சொல்வார்களாம். அதுவரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

எடை 44.8. காலை கஞ்சி, அரை டம்ளர். சூடாக இல்லை என்றால் குடித்துவிடுகிறார்.

சுதாகர் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டான். இரண்டு மாதம் விடுப்பாம். காரோடு பத்து மணிக்கு வந்தான். ஐஸ் செய்யும் முறையை அவனுக்குச் சொன்னேன். அவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். சர்க்கரையைக் கொதிக்கவிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னேன். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் அழைத்து வர வேண்டும் என்பதையும் சொன்னேன். சரி அத்தை, சரி அத்தை என்றான்.

இவர் பைகளை டிக்கியில் வைத்தார். அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

“மங்கை.”

“சொல்லுங்க அண்ணி.”

“பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கிறதா இருந்த?”

பதினாறாம் நாள் பேர் வைக்கலாம் என்றிருந்தோம். பதினோராம் நாளே போய்விட்டதால் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ‘மங்கையின் பெண் குழந்தை’ என்றுதான் இருக்கிறது. என் அம்மா கேட்டதில்லை. இவரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. டிக்கியைச் சாத்தப் போன இவர் கை அப்படியே நின்றது.

“குழலி” என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி இத்தனை வருடமாகிறது. 

அண்ணி உதட்டைக் குவித்தார். “குயயி.”

வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. தலையை ஆட்டினார். நாக்கை மேலே தூக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “குயலி.”

“அம்மா, புண்ணு ஆறல, பேசாத. வெயில் ஏறுது, கெளம்பலாம்” என்றான் சுதாகர்.

அவர் அவனைப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“அவசரம் இல்ல அண்ணி” என்றேன். “இன்னொரு தடவ சொல்லுங்க.”